தவக்கால விவிலிய வகுப்பு: கீழ்ப்படியாமையும் கடவுளோட எச்சரிக்கையும் – போய் உக்காந்து கேட்டவளோட ரிவ்யூ

நீரோடி போற வழியில கடலுக்குக் கிட்ட இருக்கிற இந்தத் தியான இல்லத்துல தவக்காலம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துல விவிலிய வகுப்பு நடத்துறாங்க, இந்த வருஷத் தலைப்பு கடவுளுக்குக் கீழ்ப்படியாதவங்களுக்கு விவிலியத்துல வர்ற எச்சரிக்கைகள். நானும் அண்ணியும் போனோம். தலைப்பக் கேட்டதுமே எங்க அன்பியத்துல, அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேந்து ஜெபிக்கிற பங்குக் குழுவுல, பாதி பேரு வரலன்னுட்டாங்க, "சாபம், நரகம்னு பயங்காட்டுவாவ, தலவலிதான் மிச்சம்"னு. அப்படி நெனச்சு ஒதுங்குனவங்களுக்காகத்தான் இத இவ்வளவு நீளமா எழுதுறேன். போங்க. கண்டிப்பா போங்க. நான் கேட்ட வரைக்கும் இந்த விஷயத்த இவ்வளவு நேர்மையா எங்கயும் சொல்லித்தரல.

மொதல்ல இடம், சாப்பாடு, காசு. களியக்காவிளைல இருந்து கொல்லங்கோடு பஸ் புடிச்சு அங்க இருந்து ஆட்டோல போயிரலாம், பொழியூர் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு இன்னும் கிட்ட. கட்டணம் கிடையாது, வாசல்ல ஒரு காணிக்கைப் பெட்டி, யாரும் அதக் காட்டிக்கூட பேசல. மத்தியானம் கஞ்சி, பயறு, மரச்சீனி, தொட்டுக்க தேங்காச் சம்மந்தி, தவக்காலம்ங்கிறதால மீன் இல்ல. நாலு மணிக்கு கட்டன் சாயா. அம்புட்டுதான், அதுக்கு மேல எதிர்பார்த்துப் போற இடமும் இல்ல.

வகுப்புக்கு வர்றவங்க கலவையான கூட்டம். தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊருங்க தமிழ்நாட்டுல இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்துலதான் வருது, அதனால ஃபாதர் பேச்சுல மலையாளம் பாதி தமிழ் பாதின்னு வரும், எங்களுக்கு அது பழக்கம்தான். மலங்கரை சபைக்காரங்க மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து வந்திருந்தாங்க, சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட் சபை அக்கா ஒருத்தங்க, பாறசாலைல இருந்து ஒரு குடும்பம், அப்புறம் கரை அம்மாமாருங்க நெறைய. யாரு வேணாலும் கேள்வி கேக்கலாம். ஃபாதர் குறுக்க பேசுறவங்கள உக்காரச் சொல்லல, முழுசா கேட்டுட்டுத்தான் பதில் சொன்னாங்க.

மொதல் வகுப்புலயே இணைச்சட்டம் (உபாகமம்) 28-ஆம் அதிகாரத்த முழுசா வாசிக்க வச்சாங்க. மொத்தம் 68 வசனம், அதுல ஆசி வர்றது மொதல் 14 வசனம் மட்டும்தான், மிச்சம் எல்லாம் கீழ்ப்படியலன்னா வர்ற சாபம், விளைச்சல் போகும், நோய் வரும், எதிரி வருவான், பெத்த புள்ளையப் பிரிச்சுக் கொண்டுபோவான்னு. ஆளுக்குக் கொஞ்சமா வாசிச்சோம், பாதியிலேயே ஹால்ல ஒரு மாதிரி அமைதியாயிருச்சு. பல எடத்துல பிரசங்கத்துல ரெண்டு வசனத்த மட்டும் பிச்செடுத்து சத்தமா சொல்லிட்டு காணிக்கைக்குப் போயிருவாங்க. இங்க ஃபாதர் ஒரு வசனத்தையும் விடல, மழுப்பவும் இல்ல. வாசிச்சு முடிச்சதும் "மூடாதீங்க, இன்னும் ரெண்டு அதிகாரம் தள்ளிப் போங்க"ன்னாங்க. 30-ஆம் அதிகாரம். அங்க இதே சாபமெல்லாம் வந்து முடிஞ்சு, ஜனங்க நாடு நாடா செதறிப் போன பொறவும் திரும்பி வந்தா ஆண்டவர் இரங்கி, எந்தத் தொலைவுல இருந்தாலும் கூட்டிச் சேப்பாருன்னு வருது. லேவியர் 26-உம் அதே மாதிரிதான், ஏழு மடங்கு தண்டிப்பேன்னு திரும்பத் திரும்ப வந்துட்டு, கடைசியில அவங்க பாவத்த ஏத்துக்கிட்டா யாக்கோபோடயும் ஈசாக்கோடயும் ஆபிரகாமோடயும் செஞ்ச உடன்படிக்கைய நெனச்சுக்குவேன்னு முடியுது. ஆமோஸ் 4-ல பஞ்சம், வறட்சி, பயிர்நோய், கொள்ளைநோய், அழிவுன்னு அடுக்கிக்கிட்டே போயி ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரே வாக்கியம், ஆனாலும் நீங்க என்கிட்ட திரும்பி வரல. அஞ்சு தடவ. ஃபாதர் அத அஞ்சு பேர வச்சு வாசிக்க வச்சாங்க, கடைசியா வாசிச்ச அம்மாக்குத் தொண்ட அடைச்சுக்கிச்சு. கோவத்துல கத்துற ஒருத்தரோட பேச்சா நான் அத்தன நாளும் நெனச்சு வாசிச்சது, காத்திருந்து ஏமாந்து போன ஒருத்தரோட பேச்சா அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு.

பொறவு எரேமியா 18, குயவன் வீடு. அங்க கடவுளே நேரடியா சொல்றாரு, ஒரு நாட்ட அழிப்பேன்னு நான் சொன்ன பொறவு அந்த நாடு திரும்பிட்டா நானும் மனச மாத்திக்குவேன்னு. இதுக்கு நடந்த உதாரணமா யோனா. இன்னும் நாப்பது நாளு, நினிவே அழிஞ்சுரும்னு அவரு சொன்னாரு, ஊரே சாக்கு உடுத்து உக்காந்துச்சு, ஊரு அழியல. யோனாவுக்குத்தான் கோவம், சொன்னது நடக்கலியேன்னு. சொன்னது நடக்காமப் போகணும்னுதான் அத சொல்ல வச்சதேன்னு ஃபாதர் சொன்னப்ப பின்னால இருந்த ஒரு வயசான மீன்காரரு சத்தமா "ஆமா, கூண்டு ஏத்துறது படகு முங்கணும்னா?"ன்னாரு. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறத அவரு சொன்னாரு. ஃபாதர் அதயே புடிச்சுக்கிட்டாங்க, வகுப்பு முடியிற வரைக்கும் அந்த ஒரு வார்த்ததான் எல்லாத்துக்கும் விளக்கம்.

இந்தக் கரையில கூண்டப் பத்திப் பேச ஆரம்பிச்சா பேச்சு ஒக்கிப் புயல்லதான் போய் நிக்கும். 2017 நவம்பர் 30. ஆழ்கடலுக்குப் போயிருந்த ஆளுங்களுக்கு புயல் எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரல, இந்த வரிசையில இருக்கிற ஊருங்கள்ல சாவு விழாத தெரு கொறவு. அடுத்த வகுப்புல ஒரு அம்மா எந்திரிச்சு, இத எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்குது, "சாமி, எங்க வீட்டுக்காரர் வரல. பக்கத்துல உள்ளவங்க நீங்க பூசைக்கு ஒழுங்கா வரல அதான்னு சொன்னாவ. இந்த சாபம் எல்லாம் எங்க மேல வந்ததா?"ன்னு கேட்டாங்க. ஹால்ல ஒரு சத்தம் இல்ல.

ஃபாதர் உடனே பதில் சொல்லல. லூக்கா 13 எடுக்கச் சொன்னாங்க, அந்த அம்மாவையே வாசிக்கச் சொல்லாம தானே வாசிச்சாங்க. பிலாத்து கொன்ன கலிலேயர்களப் பத்தி இயேசுகிட்ட வந்து சொல்றாங்க, சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சு செத்த 18 பேர அவரே எடுத்துச் சொல்றாரு, அவங்க எருசலேம்ல இருந்த மத்தவங்கள விட பெரிய குற்றவாளிங்கன்னு நெனக்கிறீங்களா, இல்லன்னு உங்களுக்குச் சொல்றேன்னு. அந்த 'இல்ல'ங்கிறத ஃபாதர் ரெண்டு தடவ சொன்னாங்க. பொறவு யோவான் 9, பொறவிக் குருடன், இவன் பாவமா இவனப் பெத்தவங்க பாவமான்னு சீடருங்களே கேக்குறாங்க, ரெண்டும் இல்லன்னு பதில். யோபுவோட கூட்டாளிங்க மூணு பேரும் நீ ஏதோ தப்பு பண்ணிருக்கன்னு அடிச்சுப் பேசுனாங்க, கடைசியில கடவுள் கோவப்பட்டது அந்த மூணு பேரு மேல. "அம்மா, உங்க வீட்டுக்காரர் சாவ வச்சு அவர் பாவத்த அளக்க எந்த மனுஷனுக்கும் அதிகாரம் இல்ல, எனக்கும் இல்ல, அப்படி யாராவது சொன்னா அது திருச்சபையோட போதனை இல்லன்னு நான் சொன்னதா சொல்லுங்க"ன்னாங்க. அந்த அம்மா உக்காந்து முந்தானையால மொகத்த மூடிக்கிட்டாங்க, பக்கத்துல இருந்தவங்க கையப் புடிச்சுக்கிட்டாங்க. இந்த ஒரு அரைமணி நேரத்துக்காகவே இந்த வகுப்புக்கு நான் எவ்வளவு வேணாலும் தூரம் போவேன். சுனாமிக்குப் பொறவும் கொளச்சல் பக்கம் இதே பேச்சுதான் பேசுனாங்க, பொணத்த எடுத்து முடிக்கிறதுக்குள்ள பாவக் கணக்கு எடுக்க வந்தவங்க இருந்தாங்க. அவங்களுக்கெல்லாம் இந்தப் பதில அன்னைக்கே யாராவது சொல்லிருக்கணும்.

ஆனா லூக்கா 13 அதோட நிக்கல, ஃபாதரும் நிக்கல. இல்லன்னு சொன்ன கையோட, மனம் மாறலன்னா நீங்க எல்லாரும் அப்படியே அழிவீங்கன்னும் இயேசு சொல்றாருல்ல. செத்தவன் மேல நீட்டுன விரல கேட்டுக்கிட்டு நிக்கிறவன் பக்கம் திருப்பிவிடுறாரு. விவிலியத்துல வர்ற எச்சரிக்கை எல்லாம் கேக்குறவனுக்கு, நடக்கிறதுக்கு முன்னால சொன்னது. நடந்து முடிஞ்ச பொறவு பக்கத்து வீட்டுக்காரன் மேல ஒட்டுறதுக்குச் சொன்னது இல்ல. நான் அந்த வகுப்புல இருந்து எடுத்துக்கிட்டது இதுதான், இத எங்க அன்பியத்துல நான் விடாம சொல்லுவேன்.

தலைமுறை சாபம் பத்தி ஒரு பெரிய வாக்குவாதம் வந்துச்சு. நம்ம பக்கத்துல சில தியானங்கள்ல குடும்ப மரம் வரைய வச்சு, தாத்தா குடிச்சாரா, பாட்டி மந்திரவாதிகிட்ட போனாங்களான்னு கேட்டு, அதனாலதான் ஒனக்குக் கல்யாணம் தள்ளிப் போவுது, அந்தச் சாபக் கட்ட அவுக்க இத்தன பூசை வைக்கணும்னு சொல்றது இருக்கு. என் சொந்தத்துலயே ஒரு புள்ள அத நம்பி ராத்திரி தூங்காம கெடந்தா. ஃபாதர் எசேக்கியேல் 18 எடுத்தாங்க, அப்பன் புளிச்ச திராட்ச தின்னா புள்ளைக்குப் பல்லு கூசும்ங்கிற பழமொழிய இனிமே இஸ்ரயேல்ல யாரும் சொல்லக் கூடாதுன்னு கடவுளே தடுக்கிற எடம், பாவம் செஞ்சவன்தான் அதுக்குப் பொறுப்பு, மகன் அப்பனோட குற்றத்தச் சொமக்க மாட்டான். அப்போ விடுதலைப் பயணம் 20-ல மூணாம் நாலாம் தலைமுறைன்னு இருக்கேன்னு பாறசாலைக்காரர் கேட்டாரு, நல்ல கேள்வி. அப்பன் குடிச்சா வீடு கெடும், புள்ள படிப்பு கெடும், அந்தப் பாதிப்பு நெசம், ஆனா அப்பனோட குற்றம் புள்ள தலைக்கு ஏறாது, அதே வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம்னும் சொல்லுது, அத மட்டும் ஏன் யாரும் குடும்ப மரத்துல வரையிறதில்லன்னு கேட்டாங்க ஃபாதர். திருமுழுக்குல பொறவிப் பாவமும் செஞ்ச பாவமும் மொத்தமா மன்னிக்கப்படுதுன்னு கத்தோலிக்க திருச்சபையோட மறைக்கல்வி நூல் 1263-ஆம் எண்ல இருக்கு, அதுக்கு மேல கட்டு எங்க இருந்து வரும்? போலந்து ஆயர் பேரவை 2015-லயே தலைமுறைப் பாவத்த குணமாக்குறதுக்குன்னு திருப்பலியோ வழிபாடோ வைக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்கங்கிறது எனக்குப் புதுசு. நம்ம பக்கமும் அத மாதிரி பங்கு பங்கா வெளிப்படையா சொல்லணும்னு நான் கேக்குறேன், பயந்து கெடக்கிற புள்ளைங்க நெறைய இருக்கு.

இவ்வளவையும் வாசிச்சிட்டு, எல்லாத்தையும் சர்க்கர தடவி சொல்றாங்க போலன்னு நெனக்க வேண்டாம். அடுத்த வாரம் சிஸ்டர் எடுத்த வகுப்பு கேட்டா அந்த எண்ணம் போயிரும். 1 கொரிந்தியர் 10, செங்கடலக் கடந்தவங்க, மன்னா சாப்பிட்டவங்க, பாறைத் தண்ணி குடிச்சவங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்க பாலைவனத்துலயே விழுந்தாங்க, ஒரே நாளுல 23,000 பேரு. இதெல்லாம் நமக்கு எச்சரிக்கையா எழுதி வச்சதுன்னு பவுல் சொல்றாரு, நிக்கிறேன்னு நெனக்கிறவன் விழாம பாத்துக்கட்டும்னு. ஞானஸ்நானம் வாங்கியாச்சு, நற்கருணை வாங்குறோம், அப்போ நாம பாதுகாப்புன்னு இருக்கவங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருந்துச்சு. சி.எஸ்.ஐ. அக்கா, ரொம்ப மரியாதையாத்தான், "ஒருதடவ மீட்கப்பட்டா அப்புறம் இழக்க முடியாதுன்னு எனக்கு ஒருத்தர் சொன்னாரே சிஸ்டர்"னு கேட்டாங்க. கத்தோலிக்க போதன அது இல்லன்னு சிஸ்டர் தெளிவா சொன்னாங்க, திரிதெந்து சங்கம்ங்கிற கத்தோலிக்க ஆயருங்களோட பொதுச்சங்கம் 1547 ஜனவரியில வெளியிட்ட ஆவணத்துலயே சாவான பாவத்தால அருளை இழக்க முடியும், நான் கடைசி வரை நிலைச்சிருப்பேன்னு யாரும் தனக்குத்தானே உறுதி குடுத்துக்க முடியாதுன்னு இருக்கு. அதே மூச்சுல மூணு விஷயம் சேந்தாதான் சாவான பாவம்னும் சொன்னாங்க, விஷயம் கனமானதா இருக்கணும், அது தப்புன்னு முழுசா தெரிஞ்சிருக்கணும், மனசார சம்மதிச்சு செஞ்சிருக்கணும். பயத்துலயும் பழக்கத்துலயும் நடந்தத எல்லாம் நரகக் கணக்குல எழுதிக்கிட்டு அழுவுறவங்க கூட்டத்துல இருந்தாங்க, அவங்களுக்கு அது மருந்து. எதுவும் பாவம் இல்லன்னு இருக்கவங்களுக்கும் அது மருந்துதான், ஏன்னா தெரிஞ்சே செஞ்சதுக்கு சாக்கு எதுவும் மிஞ்சாது. எப்படியும் மன்னிச்சுருவாருன்னு அளவுக்கு மிஞ்சுன நம்பிக்கையும், நம்பிக்கை இழக்கிறதும் ரெண்டுமே பாவம்னு சொன்னது பலருக்கு ஆச்சரியம்.

நரகத்தப் பத்தி மறைக்கல்வி 1033-ல இருந்து 1037 வரைக்கும் வாசிச்சாங்க. கடவுள் யாரையும் நரகத்துக்குன்னு முன்னாலயே குறிச்சு வைக்கல, மனுஷன் தன்னத்தானே வெளிய வச்சுக்கிறான். 1472-ல பாவத்தோட தண்டன கடவுள் வெளிய இருந்து பழிவாங்குறது இல்ல, பாவத்தோட தன்மையில இருந்தே வர்றதுன்னு இருக்கு. இத தொடக்க நூல் 3-ல காட்டுனாங்க பாருங்க, ரொம்ப அழகு. ஆதாமும் ஏவாளும் பழத்தத் தின்னதும் கடவுள் இன்னும் ஒரு வார்த்த பேசல, தீர்ப்பும் சொல்லல, அதுக்குள்ள இவங்க மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சாச்சு. தண்டன அங்கயே ஆரம்பிச்சிருச்சு. கடவுள் வந்து கேக்குற மொதல் கேள்வி எங்க இருக்கன்னு. தோட்டத்த விட்டு அனுப்புறதுக்கு முன்னால தோல் உடுப்பு செஞ்சு போட்டும் விடுறாரு.

எனக்கு உறைச்ச எடம் சவுல் ராஜா கதை, 1 சாமுவேல் 15. அமலேக்கியரோட எல்லாத்தையும் அழின்னு கடவுள் சொன்னப்ப நல்ல ஆடு மாட்ட மட்டும் வச்சுக்கிட்டு, ஆண்டவருக்குப் பலி குடுக்கத்தான்னு சொல்றாரு. பலிய விட கீழ்ப்படிதல் சிறந்ததுன்னு சாமுவேல் பதில். நம்ம ஊருத் திருவிழா அலங்காரம், வெடிக்கட்டு, நேர்ச்சை எல்லாம் ஒரு பக்கம், அதே கையால வேலக்காரன் கூலிய பிடிச்சு வைக்கிறது இன்னொரு பக்கம். கூலிய மறிக்கிறது வானத்த நோக்கிக் கூப்பிடுற பாவங்கள்ல ஒண்ணுன்னு சிஸ்டர் யாக்கோபு 5-ஐ வாசிச்சப்ப முன்வரிசையில சில தல குனிஞ்சுச்சு. சொல்ல வேண்டிய எடத்துல சொன்னாங்க.

இன்னொண்ணு, கீழ்ப்படிதல்னாலே மேல இருக்கவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறதான்னு ஒரு காலேஜ் பையன் கேட்டான். அதுக்கு தேவசகாயம் பிள்ளைதான் பதில். நட்டாலத்துல 1712-ல பொறந்தவரு, 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்குனாரு, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம், அரசன் சொன்னதுக்குப் பணிஞ்சு விசுவாசத்த விட்டிருந்தா பொழச்சிருப்பாரு. விடல. 1752 ஜனவரி 14 ராத்திரி காற்றாடிமலைல சுட்டாங்க. 2022 மே 15-ல புனிதர். மனுஷனுக்குக் கீழ்ப்படியிறத விட கடவுளுக்குக் கீழ்ப்படியணும்னு திருத்தூதர் பணிகள் 5-ல இருக்கிறது இந்த மண்ணுல நடந்தே இருக்கு. ஃபாதர் அதோட எசேக்கியேல் 34-ஐயும் சேத்தாங்க, ஆட்ட மேய்க்காம தன்னையே மேய்ச்சுக்கிற மேய்ப்பனுக்கு வர்ற எச்சரிக்கை, இது குருக்களுக்குத்தான், எங்களுக்குத்தான்னு சொன்னாங்க. அப்படிச் சொல்ற ஒருத்தர நம்பி உக்காரலாம்.

கொறைகளும் சொல்லணும். ஹால்ல எக்கோ அடிக்குது, பின்வரிசைக்கு பாதி கேக்கல, ஃபேன் சத்தம் வேற. குடுத்த ஜெராக்ஸ் தாளு ரொம்ப மங்கல், வயசானவங்க வாசிக்க முடியல. எபிரேயர் கடிதத்துக்கு ரெண்டு வகுப்பாவது வேணும், கடைசி ஒரு மணி நேரத்துல 3, 4, 6, 10 நாலு அதிகாரத்தையும் ஓட்டிட்டாங்க. தெரிஞ்சே பாவத்துல நிலைச்சிருந்தா வேற பலி இல்லங்கிற 10:26 மாதிரி வசனத்த அப்படி ஓட்டிட்டுப் போகக் கூடாது, கேட்டவங்க பயந்து வீட்டுக்குப் போவாங்க. 6-ஆம் அதிகாரத்துல கடுமையா பேசுன கையோட அன்பானவங்களேன்னு கூப்பிட்டு உங்களப் பத்தி நல்லதத்தான் நம்புறோம்னு வர்றத மட்டுமாவது நிறுத்திச் சொன்னாங்க, அது நல்லது. பாவசங்கீர்த்தனத்துக்கு வச்ச நேரம் பத்தவே பத்தாது, இப்படி ஒரு வகுப்பு கேட்டுட்டு மனசு உடைஞ்சு வரிசையில நிக்கிறவங்க கடைசி பஸ்ஸுக்காக பாதியில எறங்கிப் போனாங்க, அதப் பாக்க எனக்குப் பொறுக்கல. அடுத்த வருஷம் கூட நாலு குருக்களக் கூப்பிடுங்க, இல்லன்னா வகுப்ப ஒரு மணிக்கே ஆரம்பிங்க. படிக்கட்டுப் பக்கம் சரிவும் போடுங்க, முட்டு வலிக்காரங்க ஏற கஷ்டப்படுறாங்க.

போறவங்க சொந்த விவிலியம் கொண்டு போங்க, அங்க இருக்கிறது நாலஞ்சு பேருக்குத்தான் காணும். பென்சிலும் எடுத்துக்கோங்க. உறுதிப்பூசுதல் வாங்கப் போற புள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு வகுப்பு வைக்கச் சொல்லி நாங்க கொஞ்ச பேரு சேந்து எழுதிக் குடுத்திருக்கோம், பாக்குறோம்னு சிஸ்டர் சொல்லிருக்காங்க, நீங்களும் போறப்ப ஒரு வார்த்த கேளுங்க.